தடுப்பூசி பெற்றவரின் நுரையீரல் சிடி ஸ்கேன்: ஒரே வீட்டின் இரு கொரோனா நோயாளிகள் குறித்த நிகழ்வு ஆய்வு

2021 மே மாதத்தில் கொரோனாவின் இரண்டாம் அலை தமிழ்நாட்டில் உச்சத்தைத் தொட்டது. மே 21 அன்று ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. மருத்துவமனைகளில் ஆக்சிஜன் படுக்கைக்கு எவ்வளவு நெருக்கடி இருந்ததோ அதே அளவு நெருக்கடி சிடி ஸ்கேன் அறைகளுக்கும் இருந்தது. இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டு முடித்தவர்கள் அப்போது மிகச் சிலரே என்பதால், ஸ்கேன் மேசையில் நாங்கள் பார்த்த நுரையீரல்களில் பெரும்பாலானவை இந்த வைரஸை எந்த முன்னறிமுகமும் இல்லாமல் எதிர்கொண்டவை. அந்தச் சூழலில், ஒரே வீட்டில், ஒரே வாரத்தில் தொற்றுக்கு ஆளான கணவன் மனைவி இருவரில் ஒருவர் மட்டும் முழுமையாகத் தடுப்பூசி பெற்றிருந்தார். இருவருக்கும் நோயின் ஏறத்தாழ ஒரே நாளில் சிடி எடுக்க நேர்ந்தது. கதிரியல் மருத்துவர் என்ற முறையில் அந்த இரண்டு படங்களையும் இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன். நோயாளிகளின் ஒப்புதல் பெறப்பட்டது. அடையாளம் தெரியாதிருக்கச் சில தனிப்பட்ட விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளிகள்

கணவருக்கு வயது 57. மளிகைக் கடை நடத்துபவர். மனைவிக்கு வயது 52, அங்கன்வாடிப் பணியாளர். இருவருக்கும் பத்தாண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோய் உண்டு. இருவருக்கும் புகைப்பழக்கம் இல்லை. ஆஸ்துமாவோ காசநோயோ முன்பு வந்ததில்லை. முதல் அலையில் தொற்று ஏற்பட்டதாகவும் தெரியவில்லை.

அங்கன்வாடிப் பணியாளர்கள் சுகாதாரப் பணியாளர்களோடு சேர்த்து முதற்கட்டப் பட்டியலிலேயே இடம்பெற்றதால், மனைவி பிப்ரவரியில் முதல் தவணையும் மார்ச் மூன்றாம் வாரத்தில் இரண்டாம் தவணையும் கோவிஷீல்டு போட்டுக்கொண்டார். இரண்டு ஊசியும் இடது கையில். கணவருக்கும் மார்ச் 1 முதலே வாய்ப்பு இருந்தது. 45 வயதைக் கடந்த இணைநோய் உள்ளவர்களுக்கு அன்றுதான் தடுப்பூசி திறந்துவிடப்பட்டது. கடை வேலையைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டவர், ஏப்ரல் நடுவில் ஒருவழியாக மனம் தேறிய நேரத்தில் நடிகர் விவேக்கின் மரணச் செய்தி வந்தது. ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்ட விவேக் 17 அன்று மாரடைப்பால் காலமானார். தடுப்பூசி அந்த மரணத்துக்குக் காரணமல்ல என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். மத்திய அரசின் ஆய்வும் பின்னர் அதையே உறுதிசெய்தது. ஆனால் அந்த வாரங்களில் பயம்தான் வேகமாகப் பரவியது. இவர் வீட்டிலும் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று முடிவானது. அந்தப் பொறுத்தலின் விலை என்னவென்று பார்த்தவன் என்ற முறையில், இதை வெறும் பின்னணித் தகவலாக எழுதிக் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

நோயின் போக்கு

முதலில் காய்ச்சல் கண்டது கணவருக்கு. உடல்வலியும் வறட்டு இருமலும் சேர்ந்தன, மூன்றாம் நாள் வாசனை தெரியவில்லை, அன்றைய ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையில் தொற்று உறுதியானது. இரண்டு நாள் பிந்தி மனைவிக்குத் தொண்டைவலியோடு காய்ச்சல் தொடங்கியது. அவருக்கும் பரிசோதனை முடிவு அதுவே. வைரஸின் மரபணு வரிசை இருவருக்கும் பார்க்கப்படவில்லை. ஆனால் அந்தக் காலகட்டத்தில் இங்கே பரவியது பெரும்பாலும் டெல்டா வகைதான்.

கணவர் ஆறாம் நாள்வரை வீட்டிலேயே இருந்தார். ஏழாம் நாள் காலை குளியலறைக்குப் போய்த் திரும்பும்போது மூச்சிரைத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். அனுமதிக்கப்பட்டபோது சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் அளவு 86 சதவீதம். நிமிடத்துக்கு 30 முறை மூச்சு விட்டார். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 142, ரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் உயர்வு, ரத்த வெள்ளணுக்களில் நிணநீர் அணுக்கள் வெறும் 8 சதவீதம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்.பி.ஏ1சி) 9.1.

மனைவிக்குக் காய்ச்சல் மூன்று நாளில் விட்டது, வாசனை போனது, இருமல் மட்டும் நிற்கவில்லை. கணவர் வார்டில் இருந்ததால் அவர் நாள்தோறும் பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தார். ஒன்பதாம் நாள் ஓய்வில் 97 ஆக இருந்த அளவு, ஆறு நிமிட நடைக்குப் பிறகு 94 ஆக இறங்கியது. சி.ஆர்.பி. 18, சராசரிச் சர்க்கரை 7.4.

லேசான தொற்றுக்கெல்லாம் சிடி எடுக்க வேண்டாம் என்று டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா அந்த மே மாதத் தொடக்கத்தில்தான் எச்சரித்திருந்தார். ஒரு சிடி என்பது 300, 400 மார்பு எக்ஸ்ரேவுக்குச் சமம் என்று அவர் சொன்ன கணக்கைக் கதிரியல் மருத்துவர்கள் மறுத்தார்கள். இன்றைய கருவிகளில் குறைந்த கதிர்வீச்சில் படம் எடுக்க முடியும் என்பதும் உண்மை. ஆனாலும் அவர் அறிவுரையின் சாரம் சரியானது. இந்த அம்மாவுக்குச் சிடி எடுத்ததற்குக் காரணம், நடக்கும்போது ஆக்சிஜன் மூன்று புள்ளி குறைந்ததும், சர்க்கரை நோய் இருந்ததும், நோய் திடீரென மோசமாகக்கூடிய இரண்டாம் வாரத்துக்குள் அவர் நுழைந்திருந்ததும்தான்.

படங்கள்

கணவரின் சிடி நோயின் எட்டாம் நாள் எடுக்கப்பட்டது. இரண்டு நுரையீரல்களிலும், எல்லா மடல்களிலும் (பிரிவுகளிலும்), விளிம்பை ஒட்டியும் முதுகுப்புறமாகவும் 'கிரவுண்ட் கிளாஸ்' எனப்படும் மங்கல் பரவியிருந்தது. இந்த மங்கலுக்குள் ரத்தக் குழாய்களின் கோடுகள் இன்னும் தெரியும். காற்றறைகள் நீரால் முழுதும் நிரம்பவில்லை, பாதி நிரம்பியுள்ளன என்பதே அதன் பொருள். அவருடைய மேல் மடல்களில் அப்படித்தான் இருந்தது. நடுப்பகுதிக்கு வரும்போது மங்கலின் மேல் மெல்லிய தடுப்புக் கோடுகள் பின்னிக்கொண்டு, சீரற்ற கல் பாவிய தரை போன்ற தோற்றம் வந்திருந்தது. இடது கீழ் மடலுக்கு இறங்கினால் ரத்தக் குழாய்களே தெரியவில்லை. வெண்மை திரண்டு, அதன் நடுவே மூச்சுக் கிளைகள் மட்டும் கறுப்பாக ஓடின. அந்தப் பகுதியில் காற்று நுழைய இடமே இல்லை.

ஐந்து மடல்களுக்கும் பாதிப்பின் பரப்பைப் பொறுத்து 0 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்துக் கூட்டும் வழக்கப்படி, வலது மேல் மடல் 3, நடு மடல் 3, கீழ் மடல் 4, இடது மேல் மடல் 3, கீழ் மடல் 5 என மொத்தம் 25க்கு 18 வந்தது. 15க்கு மேல் போனால் கடுமையானது என்பது நடைமுறை. இந்த எண்ணை வெளியில் பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். 18 என்பதை 18 சதவீதம் என்று நினைத்து நிம்மதியடைந்தவர்களும் உண்டு. 25க்கு 18 என்றால் 72 சதவீதம் போய்விட்டது என்று கணக்குப் போட்டு அழுதவர்களும் உண்டு. இரண்டும் சரியல்ல. ஒரு மடலில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பாதித்தாலே 5 மதிப்பெண் விழுந்துவிடும். இந்த நோயாளியின் மொத்த நுரையீரலில் சுமார் பாதி பாதிக்கப்பட்டிருந்தது என்பதே என் கண்ணளவு மதிப்பீடு.

மனைவியின் சிடி ஒன்பதாம் நாள் எடுக்கப்பட்டது. முதல் பார்வைக்கு இயல்பான நுரையீரலாகவே பட்டது. மெல்லிய வெட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தியபோதுதான் வலது கீழ் மடலின் பின்அடியில், நுரையீரல் உறையை ஒட்டி, சுமார் ஒன்றரை சென்டிமீட்டரில் ஒரு மங்கல் திட்டும், இடது கீழ் மடலில் அதைவிடச் சிறிதாக மற்றொன்றும் கிடைத்தன. கல் பாவிய தோற்றமோ திரண்ட வெண்மையோ எங்கும் இல்லை. மதிப்பெண் 25க்கு 2.

இந்தத் திட்டுகள் இருந்த இடம் கவனத்துக்குரியது. கணவருக்கு நோய் மிகக் கடுமையாக இருந்த அதே கீழ் மடல், அதே பின்புறம், அதே விளிம்பு. வைரஸ் இவருடைய நுரையீரலையும் எட்டியிருக்கிறது. எட்டிய இடத்திலேயே நிறுத்தப்பட்டிருக்கிறது. இந்த இரண்டு படங்களிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முக்கியமான செய்தி இதுதான்.

படத்தில் இன்னொன்றும் இருந்தது. இடது அக்குளில் நிணநீர் முடிச்சுகள் பல வீங்கியிருந்தன; பெரியதன் குறுக்களவு 13 மி.மீ. வலது அக்குள் இயல்பாக இருந்தது. 52 வயதுப் பெண்ணுக்கு ஒரு பக்க அக்குளில் மட்டும் நெறிக்கட்டு என்றால், மார்பகப் புற்றுநோயை நினைக்காமல் எந்தக் கதிரியல் மருத்துவரும் கடந்து போக முடியாது. முடிச்சுகளின் நடுவில் இருக்க வேண்டிய கொழுப்புப் பகுதி சிதையாமல் இருந்தது சற்று ஆறுதல் தந்தது. ஆனால் அவரை அனுப்பிய படிவத்தில் தடுப்பூசி பற்றி ஒரு சொல்லும் இல்லை. வெளியே காத்திருந்தவரிடம் கேட்டதும், "ஆமா டாக்டர், ரெண்டாவது ஊசி போட்டதுலேருந்தே இந்தப் பக்கம் நெறி கட்டின மாதிரி இருக்கு. அந்தக் கையிலதான் போட்டாங்க" என்றார். மார்பகப் பரிசோதனையில் கட்டி எதுவும் இல்லை. மூன்று மாதம் கழித்து எடுத்த அல்ட்ராசவுண்டில் முடிச்சுகள் இயல்பான அளவுக்குச் சுருங்கியிருந்தன.

சிகிச்சையும் தொடர்ச்சியும்

கணவருக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ரத்த உறைவைத் தடுக்கும் ஊசி, இன்சுலின், அதிக ஓட்டத்தில் ஆக்சிஜன் ஆகியவை தரப்பட்டன. பகலில் பல மணி நேரம் குப்புறப் படுக்கவைக்கப்பட்டார். வெண்டிலேட்டர் வரை போகவில்லை. மூன்று வாரங்களுக்கும் மேலாக வார்டில் இருந்துவிட்டு, வீட்டில் ஆக்சிஜன் கருவியோடு திரும்பினார். கரும்பூஞ்சை பரவிய காலம் அது என்பதால் மூக்கும் கண்ணும் தொடர்ந்து கவனிக்கப்பட்டன, பாதிப்பு வரவில்லை. மூன்றாம் மாதச் சிடியில் வெண்மை பெரும்பாலும் கரைந்திருந்தது. ஆனால் கீழ் மடல்களில் தழும்புக் கோடுகளும், அவற்றால் இழுபட்டு லேசாக விரிந்த மூச்சுக் கிளைகளும் இருந்தன. மாடிப்படி ஏறினால் அவருக்கு இன்னமும் இரைத்தது.

மனைவிக்கு ஸ்டீராய்டு கொடுக்கவில்லை. பிரிட்டனில் நடந்த ரெக்கவரி பரிசோதனை, ஆக்சிஜன் தேவைப்படுவோரிடம் மட்டுமே டெக்சாமெத்தசோன் உயிர் காப்பதை 2020இலேயே காட்டியிருந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. சர்க்கரை நோயாளிக்குத் தேவையில்லாத ஸ்டீராய்டு கேடும் விளைவிக்கும். 25க்கு 2 என்ற அறிக்கை அவருக்குச் செய்த பெரிய நன்மை, அந்த மாத்திரையிலிருந்து அவரைக் காப்பாற்றியதே. இரண்டாம் வார இறுதியில் நடைக்குப் பின் ஆக்சிஜன் 96க்குத் திரும்பியது.

ஏன் இந்த வேறுபாடு

கையில் தசைக்குள் போடும் தடுப்பூசி ரத்தத்தில் ஐஜிஜி வகை எதிர்ப்பொருளை ஏராளமாக உண்டாக்குகிறது. மூக்கின் ஈரச் சவ்வைக் காக்கும் ஐஜிஏ வகையை அது அவ்வளவாக உண்டாக்குவதில்லை. ரத்தத்திலிருக்கும் ஐஜிஜி, நுரையீரலின் ஆழத்தில் காற்றறைகளைச் சூழ்ந்த மெல்லிய சுவர் வழியாக எளிதில் கசிந்து வந்து சேர்கிறது. மூக்குக்கு அந்த அளவுக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே தடுப்பூசி பெற்றவருக்கும் தொண்டைவலியும் காய்ச்சலும் வரலாம், பரிசோதனையில் தொற்றும் தெரியலாம். காற்றறைகளின் இரண்டாம் வகைச் செல்களைத் தேடி வைரஸ் கீழே இறங்கும்போதுதான் உண்மையான தடுப்பு அதன் எதிரே நிற்கிறது. தப்பித்துச் செல்லுக்குள் நுழைந்த வைரஸை, ஏற்கெனவே பழக்கப்பட்ட டி செல்கள் என்னும் எதிர்ப்பு அணுக்கள் சில நாட்களுக்குள் துரத்துகின்றன. முன்பழக்கம் இல்லாத உடலிலோ, அந்தப் படை திரள்வதற்குள் வைரஸ் பெருகிவிடுகிறது. தாமதமாக மூளும் அழற்சி காற்றறைச் சுவர்களையே சிதைத்து, நீரும் புரதமும் உள்ளே கசிய வழிவிடுகிறது. கணவரின் படத்தில் நாம் பார்த்த வெண்மை பெரும்பாலும் இந்தக் கசிவுதான்.

கோவிஷீல்டு எந்தத் தடுப்பூசியின் இந்தியத் தயாரிப்போ, அதே தடுப்பூசியை அமெரிக்காவின் மான்டானாவில் ரீசஸ் குரங்குகளுக்குப் போட்டுப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. தடுப்பூசி பெற்ற குரங்குகளுக்கு நிமோனியா வரவில்லை. ஆனால் அவற்றின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரிகளில் வைரஸின் அளவு தடுப்பூசி பெறாத குரங்குகளினுடையதிலிருந்து வேறுபடவில்லை. அன்று பலர் இதைத் தடுப்பூசியின் தோல்வி என்று எழுதினார்கள். நுரையீரல் படம் பார்ப்பவர்களுக்கு அது தோல்வியாகத் தோன்ற வழியில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஊழியர்களிடம், இதே இரண்டாம் அலையில், பெரும்பாலும் கோவிஷீல்டு போட்டவர்களிடம் கிடைத்த எண்களும் இதே படிக்கட்டைக் காட்டுகின்றன. இரண்டு தவணை பெற்றவர்களுக்குத் தொற்றிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 65 சதவீதம். மருத்துவமனைச் சேர்க்கையிலிருந்து 77. ஆக்சிஜன் தேவையிலிருந்து 92. தீவிர சிகிச்சையிலிருந்து 94. நோய் எவ்வளவு ஆழமாகப் போக வேண்டியிருக்கிறதோ, பாதுகாப்பும் அவ்வளவு கூடுகிறது. தமிழ்நாடு காவல்துறையினர் 1,17,524 பேரின் தகவல்களை ஆராய்ந்த தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், மரணத்தைத் தடுப்பதில் ஒரு தவணைக்கு 82 சதவீதமும் இரண்டு தவணைக்கு 95 சதவீதமும் பலன் இருப்பதைக் கண்டது.

படங்களையே நேரடியாக ஒப்பிட்ட ஆய்வுகளில் என் நினைவில் முன்னிற்பது தென்கொரிய மருத்துவமனைகள் பல சேர்ந்து செய்தது. 2021 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அனுமதிக்கப்பட்ட 761 பேரில் 412 பேருக்குச் சிடி எடுக்கப்பட்டது. நிமோனியாவே இல்லாத படங்கள், தடுப்பூசி பெறாதவர்களில் 22 சதவீதம். ஓரளவு பெற்றவர்களில் 30 சதவீதம். முழுமையாகப் பெற்றவர்களில் 59 சதவீதம். முழுமையாகப் பெற்று சிடி எடுத்தவர்கள் 22 பேர்தான் என்பதால் இந்த 59ஐ மிகத் துல்லியமான எண்ணாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. திசையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

படத்தைப் படிப்பதில் உள்ள பொறிகள்

இரண்டு பேரை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. கணவருக்கு வயது ஐந்து கூடுதல். சர்க்கரை மோசமாக இருந்தது. ஆண்களுக்கு இந்த நோய் கடுமையாவது பொதுவாகவே அதிகம். தடுப்பூசி போட்டிருந்தால் அவருக்கும் மதிப்பெண் 2 தான் வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. இருந்தும் இந்த ஒப்பீட்டுக்கு ஒரு மதிப்பு உண்டென்று நான் கருதுவதற்குக் காரணம், இருவரின் படமும் நோயின் ஒரே கட்டத்தில் எடுக்கப்பட்டது என்பதே.

நாள் கணக்கு இல்லாத ஒப்பீடு பெரும்பாலும் ஏமாற்றும். தடுப்பூசி வருவதற்கு முன்பே, 2020இன் தொடக்கத்தில் சீனாவின் 121 நோயாளிகளின் சிடிகளைப் பார்த்தவர்கள், அறிகுறி தொடங்கிய முதல் இரண்டு நாட்களுக்குள் எடுத்த படங்களில் 56 சதவீதம் இயல்பாகவே இருந்ததைக் குறித்திருக்கிறார்கள். மற்றொரு சீன ஆய்வில் பாதிப்பு ஏறத்தாழப் பத்தாம் நாள் உச்சத்தை அடைந்து, பதினான்காம் நாளுக்குப் பிறகே கரையத் தொடங்கியது. ஆகவே இரண்டாம் நாள் எடுத்த தெளிவான படத்தைக் காட்டி 'தடுப்பூசி காப்பாற்றிவிட்டது' என்பதும், பத்தாம் நாள் படத்தை இன்னொருவரின் மூன்றாம் நாள் படத்தோடு வைத்து 'தடுப்பூசி பயனில்லை' என்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

யாருக்குச் சிடி எடுக்கப்படுகிறது என்பதும் கணக்கைக் கோணலாக்கும். தடுப்பூசி பெற்று லேசான தொற்றோடு வீட்டிலேயே குணமானவர் எங்கள் மேசைக்கு வருவதே இல்லை. பெற்றும் மோசமானவர்தான் வருகிறார். மருத்துவமனைப் படங்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் தடுப்பூசியின் பலன் உள்ளதைவிடக் குறைவாகவே தெரியும். கூடவே, தடுப்பூசி பெற்றவரின் நிமோனியா பாடப்புத்தகப் படம் போல இல்லாமல், ஒரே பக்கத்தில் ஓரிரு திட்டுகளாக இருக்கும்போது, வழக்கமான கொரோனாத் தோற்றம் இல்லை என்று குறைந்த சந்தேகத் தரத்தில் அறிக்கை எழுதிவிடும் ஆபத்து உண்டு. மனைவியின் படத்தை ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு தெரியாமல் பார்த்திருந்தால், கொரோனா என்று உறுதியாக எழுதத் தயங்கியிருப்பேன்.

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் போன்ற மருந்து எடுப்பவர்கள், ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோரைத் தனியாகவே பார்க்க வேண்டும். தவணை எத்தனை முடிந்திருந்தாலும் அவர்கள் உடலில் எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகாமல் போகலாம். அவர்களின் சிடி, தடுப்பூசி பெறாதவரின் சிடியைப் போலவே வெண்மை திரண்டு வரலாம். சான்றிதழைப் பார்த்து யாரும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

இந்த நிகழ்வுக்குப் பிறகு, மார்பு சிடிக்கான எங்கள் படிவத்தில் சில வரிகளைச் சேர்த்தோம்: அறிகுறி தொடங்கிய தேதி, தடுப்பூசியின் பெயரும் ஒவ்வொரு தவணையின் தேதியும், ஊசி எந்தக் கையில் போடப்பட்டது என்பது, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து ஏதும் எடுக்கிறாரா என்பது. அனுப்பும் மருத்துவர் நிரப்பாவிட்டால், படம் எடுக்கும் தொழில்நுட்பப் பணியாளரே நோயாளியிடம் கேட்டு எழுதிவிடுகிறார். அறிக்கையின் முதல் வரியில் 'நோயின் இத்தனையாம் நாள்' என்று வருகிறது. மதிப்பெண் அதற்குப் பிறகுதான். ஊசி போட்ட பக்கத்து அக்குளில் மட்டும் நெறிக்கட்டு இருந்து, கொழுப்புப் பகுதி சிதையாமலும் மார்பகத்தில் சந்தேகம் எதுவும் இல்லாமலும் இருந்தால், உடனே ஊசி குத்தித் திசு எடுக்கச் சொல்லாமல், சில வாரங்கள் கழித்து அல்ட்ராசவுண்டில் மீண்டும் பார்க்கும்படி எழுதுகிறோம். ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவர்களுக்கு மட்டும் அந்த முடிவைச் சிகிச்சை தரும் மருத்துவரோடு பேசியே எடுக்கிறோம்.